பொற்கொல்லனின் தர்க்கம்

சென்ற இதழில் உணர்ச்சிக்கு எதிராக எழுதப்பட்ட கட்டுரையின் சாரம் இவ்வளவுதான்: உணர்ச்சி அறிவைக் கெடுக்கும், கண்ணீர் வரவழைக்கும் இலக்கியம் தரம் தாழ்ந்தது, நெஞ்சைத் தொட்டுப் பேசுகிறவர் ஏமாற்றுக்காரர், அன்றாட வாழ்விலும் உணர்ச்சியை ஒதுக்கிவைத்து முடிவெடுப்பவரே முதிர்ந்த மனிதர். இதற்கெல்லாம் சாட்சியாகக் கட்டுரையாளர் கண்ணகியைக் கூண்டில் ஏற்றுகிறார். ஆத்திரத்தில் அறிவிழந்து ஊரைக் கொளுத்தியவள் என்று ஒரே வரியில் தீர்ப்பும் எழுதிவிடுகிறார். சிலப்பதிகாரத்தைப் பொறுப்போடு படித்த எவரும் இப்படி எழுதத் துணியமாட்டார்.

கொலைக்களக் காதையில் நடப்பதைப் பார்ப்போம். அரசியின் சிலம்பைத் திருடிய பொற்கொல்லன் பழியைக் கோவலன் தலையில் போடுகிறான். கோவலனை நேரில் பார்த்த காவலர்களுக்கோ மனம் ஒப்பவில்லை. கொலைப்பட வேண்டியவன் தோற்றம் இவனிடம் இல்லையே என்று தயங்குகிறார்கள். அன்று மதுரையில் மிச்சமிருந்த நியாயம் அந்தத் தயக்கம் ஒன்றுதான். அதை உடைத்தது அழுகையும் இல்லை, ஆவேசமும் இல்லை. பொற்கொல்லன் சிரித்துக்கொண்டே பாடம் நடத்துகிறான். மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி எனக் கள்வருக்கு எட்டுத் துணை உண்டு என்று பகுத்து, ஒவ்வொன்றையும் விளக்கி, களவுத் தொழில் தேர்ந்தவனை இப்படிப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது என்று காவலர்களை நம்பவைக்கிறான். கேட்டு நின்றவர்களில் ஒருவன் தன் அனுபவத்தையும் அதற்கு ஒத்துச் சொல்கிறான். இன்னொருவன் வாளை வீசிவிடுகிறான். இவ்வளவு வரிசையான, நூல் மேற்கோளோடு கூடிய, பதற்றமே இல்லாத வாதம் அந்தக் காப்பியத்தில் ஒரு கொலைக்காகத்தான் வருகிறது. காவலர்கள் தங்கள் மனம் சொன்னதைக் கேட்டிருந்தால் கோவலன் பிழைத்திருப்பான்.

பொற்கொல்லன் பேச்சை நம்பிக் கொலைக்கு ஆணையிட்டபோது பாண்டியன் அரசியின் ஊடலைத் தணிக்கப் போய்க்கொண்டிருந்தான். உணர்ச்சிதானே அவன் கண்ணை மறைத்தது என்று கட்டுரையாளர் கேட்கலாம். கேட்கட்டும். மனைவியிடம் பிரியம் வைத்த அரசர்கள் எல்லாரும் விசாரணை இல்லாமல் ஆளைக் கொல்லவில்லை. முகம் தெரியாத ஒருவன் உயிர்மீது அந்தக் கணத்தில் அவனுக்கு அக்கறை இல்லை. துளி அக்கறை இருந்திருந்தால் ஒரே ஒரு கேள்வியாவது கேட்டிருப்பான்.

அந்தக் கேள்வியைக் கேட்க வந்தவள் கண்ணகி. தலைவிரி கோலமாக, ஒற்றைச் சிலம்போடு, அழுத கண்ணோடு வருகிறாள். என் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள். எங்களுடையது முத்து என்கிறான் அரசன். சிலம்பை உடைக்கிறாள், மாணிக்கம் தெறிக்கிறது. அந்த அவையில் தடயத்தை மேசைமேல் வைத்து வழக்காடிய ஒரே ஆள், கட்டுரையாளர் அறிவிழந்தவள் என்று சொல்லும் அந்தப் பெண்தான். துயரமும் கோபமும் அவளை அரண்மனை வாசல்வரை இழுத்து வந்திராவிட்டால் அந்தப் பரல் உள்ளேயே கிடந்திருக்கும். கோவலன் இன்றும் கள்வனாகவே இருந்திருப்பான். பிறகு மதுரை எரிந்ததை நான் நியாயப்படுத்தப் போவதில்லை. ஆனால் வழக்குரை காதையை மறைத்துவிட்டு அழற்படு காதையை மட்டும் காட்டுவது நேர்மையான விமர்சனம் ஆகாது.

உணர்ச்சிக்குக் காரணம் கிடையாது, அது வெறும் கொதிப்பு என்பது கட்டுரையின் அடித்தளம். தமிழில் இலக்கணம் எழுதியவர் இதை ஏற்கவில்லை. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்லி, ஒவ்வொன்றும் எந்த நான்கு நிலைக்களத்தில் பிறக்கும் என்றும் சொல்கிறார். வெகுளிக்கு அவர் தரும் நான்கு: உறுப்பறை, குடிகோள், அலை, கொலை. ஒருவர் உறுப்பைச் சிதைப்பது, குடியைக் கெடுப்பது, வைது அடிப்பது, கொல்லத் துணிவது. நான்கும் ஒரு மனிதனுக்கு இன்னொருவன் செய்யும் கொடுமைகள். அழுகைக்கு இழிவும் இழப்பும் தளர்வும் வறுமையும். இப்படி எழுதியவருக்கு உணர்ச்சி என்பது உலகில் நடந்த ஒன்றுக்கு மனிதன் தரும் பதில். நடந்தது உண்மையா, பதில் அதற்குத் தக்கதா என்று விசாரிக்கலாம். விசாரிக்க முடிந்த ஒன்றை அறிவுக்குப் பகை என்று தள்ளிவைப்பது சோம்பேறித்தனம்.

அரிஸ்டாட்டிலையும் கட்டுரையாளர் துணைக்கு அழைத்திருக்கிறார். வழக்குக்குச் சம்பந்தமில்லாத உணர்ச்சிகளைக் கிளறி நடுவர்களைத் திசைதிருப்புவதை, பேச்சுக்கலை பற்றிய தம் நூலின் முதல் அதிகாரத்தில் அரிஸ்டாட்டில் கண்டிப்பது உண்மை. அதே நூலின் இரண்டாம் புத்தகத்தில் கோபம், அச்சம், வெட்கம், இரக்கம் என்று பல அதிகாரங்களை உணர்ச்சிகளுக்கே அவர் ஒதுக்கியிருக்கிறார். அவை எந்த மனநிலையில், யார்மீது, எதன் பொருட்டு எழுகின்றன என்று ஆராய்கிறார். முதல் அதிகாரத்தோடு நூலை மூடிவிட்டு அரிஸ்டாட்டில் என் கட்சி என்பது வாசகர்களுக்குச் செய்யும் துரோகம்.

கட்டுரையில் பலமான இடம் ஒன்று உண்டு. பொய்யைப் பரப்பி, கும்பலை ஏவி, சாதியின் பெயரால் குடிசைகளை எரிக்கும் வெறியைக் கட்டுரையாளர் சுட்டுகிறார். எனக்கும் அதே பயம்தான். ஆனால் அந்தக் கும்பலைத் தடுக்க வேண்டுமானால் அது நம்பும் பொய்யை உடைக்க வேண்டும். எரிகிற குடிசைக்குள் இருப்பவர்மேல் அதற்கு இல்லாத இரக்கத்தை உண்டாக்க வேண்டும். ‘உணர்ச்சிவசப்படாதீர்கள்’ என்ற உபதேசம் இரண்டையும் செய்யாது. நடைமுறையில் அந்த உபதேசம் எரித்தவன் காதில் விழுவதில்லை. எரிந்தவன் வீட்டாரிடம்தான் போய்ச் சேருகிறது.

இலக்கியத்துக்கு வருகிறேன். உணர்ச்சியற்ற எழுத்தின் உச்சம் என்று அசோகமித்திரனைக் கட்டுரையாளர் புகழ்கிறார். ‘புலிக்கலைஞன்’ கதையை அவருக்கு நினைவூட்டுகிறேன். வேலை கேட்டு சினிமா ஸ்டுடியோவுக்கு வருகிறான் காதர். அலுவலக அறைக்குள்ளேயே புலியாக மாறி உறுமுகிறான், பாய்கிறான், பார்ப்பவர்கள் உறைந்துபோகிறார்கள். ஆட்டம் முடிந்த மறுகணம் அவன் வெறும் மனிதன், பசித்த மனிதன், காலில் விழுந்து அழுகிறான். பிறகு அவனுக்குக் கடிதம் போடுகிறார்கள். கடிதம் திரும்பி வருகிறது. எழுத்தாளர் எங்கும் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தாததால்தான் அந்தத் திரும்பி வந்த கடிதம் நம்மைத் தூங்கவிடாமல் செய்கிறது. எழுத்தில் அடக்கம் இருப்பதைப் பார்த்து உணர்ச்சியே இல்லை என்று முடிவு கட்டுகிறவர், அந்த எழுத்தாளரைப் புகழ்ந்துகொண்டே அவமதிக்கிறார்.

அன்றாட வாழ்வுக்கு ஒரு சான்று போதும். 2021-ல் லண்டனில் மார்த்தா மில்ஸ் என்ற 13 வயதுச் சிறுமி, மிதிவண்டியிலிருந்து விழுந்து கணையத்தில் அடிபட்டு மருத்துவமனையில் இருந்தாள். ரத்தத்தில் நச்சு பரவுகிறதோ என்று தாய் பதறினார். பதறும் தாயின் பேச்சாகவே அது கொள்ளப்பட்டது. சிறுமி இறந்தாள். தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு முன்பே மாற்றியிருந்தால் பெரும்பாலும் பிழைத்திருப்பாள் என்று மரண விசாரணை அதிகாரி 2022-ல் சொன்னார். 2024 முதல் இங்கிலாந்து மருத்துவமனைகளில் ‘மார்த்தா விதி’ நடைமுறைக்கு வரத் தொடங்கியது. குடும்பத்தாருக்குக் கவலை இருந்தால் வேறொரு மருத்துவக் குழுவின் மறுபரிசோதனையை அவர்களே கேட்கலாம். தாயின் கலக்கத்தை ஒரு மருத்துவத் தகவலாக எடுத்துக்கொள்ள அந்த நாட்டுக்கு ஒரு குழந்தையின் உயிர் தேவைப்பட்டது. அந்தக் கலக்கத்தைத்தான் முதிர்ச்சியின்மை என்கிறது கட்டுரை.

நம் ஊருக்கும் வருவோம். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், ஒரே குடிசைக்குள் எரிந்து செத்தார்கள். குற்றம் சாட்டப்பட்ட நிலக்கிழார்களில் சிலரைக் கீழமை நீதிமன்றம் தண்டித்தது. உயர் நீதிமன்றம் அவர்களையும் விடுவித்தது. பெரும் நிலமும் வசதியும் உள்ளவர்கள், கார் வைத்திருப்பவர்கள், ஆட்களை அனுப்பாமல் தாங்களே நடந்து போய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை என்பது அந்தத் தீர்ப்பின் வாதங்களில் ஒன்று. குரல் தழுதழுக்காத, கண் கலங்காத வாதம். கட்டுரையாளர் எனக்குப் பதில் எழுதுவதானால் கண்ணகியை விட்டுவிட்டு இந்தத் தீர்ப்பை எடுத்துக்கொள்ளட்டும். அதில் எந்த இடத்தில் உணர்ச்சி மிகுந்து அறிவு கெட்டது என்று எடுத்துக் காட்டட்டும்.