காதடைப்பான்: நீந்துபவருக்கு ஆகும், சுழியோடிக்கு ஆகாது

மூதூருக்கு நான் முதன்முதலாகச் சென்றது லோஞ்சில். திருகோணமலை இறங்குதுறையில் ஏறினால், கொட்டியாரக் குடாவைக் குறுக்கறுத்துக்கொண்டு போய் மூதூரில் இறக்கிவிடுவார்கள். 2009இல் கிண்ணியாப் பாலமும், அதனைத் தொடர்ந்து ஏனைய பாலங்களும் திறக்கப்பட்ட பின்னர் பஸ்ஸிலேயே போய் இறங்கிவிடலாம். அந்தக் கடற்பயணம் கைவிட்டுப் போனதில் எனக்குச் சிறு வருத்தம் உண்டு. ஆனால் லோஞ்சின் என்ஜின் இரைச்சலைக் கேட்க வேண்டியதில்லை என்பதில் வருத்தம் எதுவுமில்லை. என் இடது காது ஏற்கனவே பாதி செவிடு. அதன் காரணத்தைப் பின்னர் சொல்கிறேன்.

அண்மையில் மூதூரில் பழைய நண்பர் ஒருவரின் வீட்டில் இரண்டு நாட்கள் தங்கியிருந்தேன். நான் செய்தி மேசையில் இருந்த காலத்தில் அங்கிருந்து எங்களுக்குச் செய்தி அனுப்பியவர் அவர். அந்த வீட்டில் காதுக் கோளாறு உள்ளவர்கள் மூவர். நண்பரின் தம்பி சங்கும் கடலட்டையும் எடுத்த சுழியோடி; இப்போது அவருடன் பேசுவதென்றால் குரலை உயர்த்த வேண்டும். நண்பரின் மகன், 2006 ஓகஸ்ட் மாதம் மூதூரில் சண்டை மூண்டபோது அருகே விழுந்து வெடித்த எறிகணையின் அதிர்வில் வலது செவிப்பறை கிழிந்தவர். மூன்றாமவர் அந்த மகனின் பிள்ளை. பத்து வயதுப் பையன். சளி பிடித்தால் காதில் சீழ் வடியும்.

மூன்றும் மூன்று விதமான கோளாறுகள். ஆனால் அந்த வீடு மூன்றிலிருந்தும் எடுத்துக்கொண்ட முடிவு ஒன்றுதான்: காதுக்குள் தண்ணீர் போகக் கூடாது. ஆகவே பையன் கடலில் இறங்கக் கூடாது. வீட்டு வாசலில் நின்றால் அலைச் சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டபடி வளரும் பையனுக்கு நீந்தத் தெரியாது.

"காதடைப்பான் போட்டுக்கொண்டு நீந்தலாமே" என்று நான் சொன்னேன். நண்பரின் தம்பி உடனே தலையை ஆட்டி மறுத்தார். "அந்தக் கதை வேணாம் அண்ணன். என்ட காது போனதே அடைச்சதாலதான்" என்றார்.

அவர் சொன்னது முற்றிலும் உண்மை. நான் சொன்னதும் தவறில்லை. இந்த இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும் என்பதை விளக்கத்தான் இதை எழுதுகிறேன்.

பதினாறு வயதில் அவர் முதன்முதலாகச் சங்கு எடுக்கக் கடலுக்குப் போனபோது, மெழுகில் தோய்த்த பஞ்சைக் காதுக்குள் இறுக்கமாக வைத்துக்கொண்டு இறங்கினால் வலிக்காது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். முதல் பாகம் இறங்கும்வரை ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் பாகத்தில் காதுக்குள் சுத்தியலால் அடித்ததுபோல் இருந்ததாம். அடுத்த கணம் எது மேல், எது கீழ் என்று தெரியவில்லை. வள்ளத்தில் இருந்தவர்கள் இடுப்புக் கயிற்றைப் பிடித்து இழுத்திராவிட்டால் இந்தக் கதையைச் சொல்ல அவர் இருந்திருக்க மாட்டார்.

நடந்தது என்ன என்பதற்கு விளக்கம் எளிது. கடல் மட்டத்தில் நம் உடல்மீது இருப்பது ஒரு வளிமண்டல அழுத்தம். கடலில் 10 மீற்றர் ஆழத்துக்குப் போனால் அது இரண்டாகிவிடுகிறது. அந்த ஏற்றத்தைச் செவிப்பறை உணர 10 மீற்றர்வரை போகவும் வேண்டியதில்லை. ஆறேழு அடியிலேயே வலி தொடங்கிவிடும். செவிப்பறை ஒரு சென்ரிமீற்றர் அளவு அகலமும், ஒரு மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்கு தடிப்பும் கொண்ட ஒரு சவ்வு. அதற்கு உட்புறத்தே நடுக்காதில் காற்று இருக்கிறது. அங்கிருந்து தொண்டையின் பின்புறத்துக்கு ஒரு மெல்லிய குழாய் போகிறது. மூக்கைப் பொத்தி, வாயை மூடி, மெதுவாக ஊதினால் அந்தக் குழாய் வழியாக நடுக்காதுக்குக் காற்று ஏறும். வெளியே தண்ணீரின் அழுத்தமும் உள்ளே காற்றின் அழுத்தமும் சமமாகும். இத்தாலியின் பொலோஞா நகரில் வாழ்ந்த வல்சால்வா என்ற உடற்கூற்று அறிஞர் 1704இல் காதைப் பற்றி எழுதிய நூலால் இந்த முறைக்கு அவருடைய பெயரே நிலைத்துவிட்டது. அவருடைய பெயரைக் கேள்விப்படாத நம் சுழியோடிகளும் இதைத்தான் செய்கிறார்கள்.

காதை வெளியே அடைத்துவிட்டால் என்ன ஆகிறது? அடைப்பானுக்கும் செவிப்பறைக்கும் இடையே சிறிதளவு காற்று சிறைப்படுகிறது. அதன் அழுத்தத்தை ஏற்றுவதற்கு வழியே கிடையாது. சுழியோடி மூக்கைப் பொத்தி ஊத ஊத நடுக்காதின் அழுத்தம் ஏறி, செவிப்பறை வெளிப்புறமாகப் பிதுங்குகிறது. மறுபுறம் கடல் அந்த அடைப்பானை உள்ளே தள்ளுகிறது. முடிவில் சவ்வு கிழிகிறது. கிழிந்த வழியே நடுக்காதுக்குள் குளிர்ந்த நீர் பாய்ந்தால் சமநிலை உறுப்பு குழம்பி, தலை சுற்றுகிறது. தரையில் தலை சுற்றினால் விழுந்து எழுந்துவிடலாம். கடலடியில் தலை சுற்றினால் மேலே வரும் திசையே தெரியாது.

இது புதிய அறிவும் அல்ல. அரிஸ்டாட்டிலின் பெயரால் வழங்கும் வினாவிடைத் தொகுப்பு ஒன்றில், கடலில் சுழியோடுபவர்களின் காதுகள் ஏன் உடைகின்றன, அவர்கள் ஏன் காதைச் சுற்றிக் கடற்பஞ்சைக் கட்டிக்கொள்கிறார்கள் என்ற கேள்விகள் இருக்கின்றன. பத்தாம் நூற்றாண்டில் அரபு எழுத்தாளர் மசூதி, பாரசீக வளைகுடாவில் முத்துக் குளிப்போர் எண்ணெயில் தோய்த்த பஞ்சைக் காதில் வைத்துக்கொள்வதாக எழுதியிருக்கிறார். ஆக, நண்பரின் தம்பிக்கு யாரோ சொன்ன அந்த ஆலோசனைக்குக் குறைந்தது ஆயிரம் ஆண்டு வயது. பழமையானது என்பதால் ஒரு விஷயம் சரியானதாகிவிடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. (நடுவே சிறு துளையுள்ள அடைப்பான்கள் சுழியோடிகளுக்கென்றே வெளிநாடுகளில் விற்கப்படுகின்றன. அழுத்தம் அந்தத் துளை வழியே சமமாகும். மருந்துக்கடையில் வாங்கும் சாதாரண அடைப்பானை அதனுடன் குழப்பிக்கொள்ளக் கூடாது.)

சுழியோடிகளைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. திருகோணமலைக் கடலில் வெடிவைத்து மீன் பிடிப்பது சட்டவிரோதம் என்பது எல்லோருக்கும் தெரியும்; அது நின்றபாடில்லை என்பதும் தெரியும். பவளப்பாறைகள் அழிகின்றன என்று நாம் தலையங்கம் எழுதியிருக்கிறோம். நானே எழுதியிருக்கிறேன். ஆனால் அந்த வெடியின் அதிர்வு நீருக்குள் காற்றில் போவதைவிட வேகமாகப் போகிறது என்பதையும், அந்த நேரத்தில் கீழே சங்கு தேடிக்கொண்டிருப்பவனின் காதுக்கு என்ன ஆகும் என்பதையும் எந்தத் தலையங்கத்திலும் நான் எழுதவில்லை. அதற்கு எந்தக் காதடைப்பானும் உதவாது.

இனி நீந்துபவரின் விஷயத்துக்கு வருவோம். நீர்மட்டத்தில் நீந்துபவருக்கு அழுத்தம் ஒரு பிரச்சினையே அல்ல, ஈரம்தான் பிரச்சினை. காதுத் துவாரம் ஏறத்தாழ இரண்டரை சென்ரிமீற்றர் நீளமான, ஒரு பக்கம் மூடிய குழாய். அதற்குள் தண்ணீர் தங்கினால் தோல் ஊறி மென்மையாகிறது, பற்றீரியாக்கள் குடியேறுகின்றன. நம்முடையதைப் போன்ற வெக்கையும் புழுக்கமும் உள்ள தேசங்களில் பூஞ்சணமும் சேர்ந்துகொள்கிறது. காது அரிக்கிறது. உடனே நாம் என்ன செய்கிறோம்? கையில் அகப்பட்ட ஊசியோ, தீக்குச்சியோ, கடையில் வாங்கிய பஞ்சுக் குச்சியோ எடுத்துக் குடைகிறோம். குறும்பி என்பது அழுக்கு என்று எங்களுக்குச் சிறுவயதிலிருந்தே சொல்லப்பட்டிருக்கிறது. உண்மையில் அது நீரை ஒட்டவிடாமல் தோலைக் காக்கும் மெழுகு. அதைத் தோண்டி எடுத்துவிட்டுக் கடலில் குளிப்பது, கூரையைப் பிரித்துவிட்டு மழையில் படுப்பது போன்றது.

நலமான காது உள்ளவருக்குக் கடற்குளிப்புக்கு எந்த அடைப்பானும் தேவையில்லை. குளித்தபின் தலையைச் சாய்த்து நீரை வடியவிட்டு, துவாயால் வெளிப்புறத்தைத் துடைத்தால் போதும். அடிக்கடி காது அரிப்பும் வலியும் வருபவர்களுக்கும், செவிப்பறையில் துளை உள்ளவர்களுக்கும்தான் அடைப்பான் பயன்படும். அது காதின் வாயிலை மூடும் மென்மையான சிலிக்கன் அடைப்பானாக இருக்கலாம். வாஸலீன் நன்றாகப் பூசிய பஞ்சு உருண்டையாகவும் இருக்கலாம். பின்னதற்குச் சில ரூபாய்கள்கூட ஆகாது. இரண்டையும் துவாரத்துக்குள் ஆழமாகத் திணிக்கக் கூடாது. அதன்மேல் தலையை இறுக்கிப் பிடிக்கும் ஒரு நீச்சல் தொப்பி போட்டால் இன்னும் நல்லது. குதிக்கக் கூடாது, சுழியோடக் கூடாது, நீரின்மேல் நீந்தலாம்.

நடுக்காதில் நீர் கட்டும் பிள்ளைகளுக்குச் செவிப்பறையில் சிறு குழாய் பொருத்துவார்கள். அப்படிக் குழாய் உள்ள பிள்ளைகளுக்குக்கூட வழக்கமாகக் காதடைப்பானோ நீச்சல் தடையோ தேவையில்லை என்று அமெரிக்கக் காது, மூக்கு, தொண்டை நிபுணர்களின் கழகம் 2013இல் வெளியிட்ட வழிகாட்டலில் கூறியிருக்கிறது. எறிகணை அதிர்விலோ, சீழ் வடிந்தோ ஏற்பட்ட துளை வேறு. அதற்குக் கட்டாயம் வைத்தியரின் ஆலோசனை வேண்டும். சீழ் வடிந்துகொண்டிருக்கும் நாட்களில் எந்த அடைப்பானும் போட்டுக்கொண்டு நீரில் இறங்கக் கூடாது. நல்லெண்ணெய் காய்ச்சிக் காதில் விடும் கைவைத்தியமும் துளையுள்ள காதுக்கு ஆகாது. அந்த வீட்டு மூதாட்டி இதைக் கேட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். அறுபது வருடமாக விட்டுக்கொண்டிருக்கும் எண்ணெயல்லவா!

இவ்வளவு சின்னக் காரியத்துக்கு இவ்வளவு பெரிய கட்டுரையா என்று நீங்கள் கேட்கலாம். 2021 நவம்பர் 23ஆம் திகதி கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் இழுவைப் படகு கவிழ்ந்தது. அன்றைய தினமே ஆறு உயிர்கள் போயின. பாடசாலைக்குப் புறப்பட்ட பிள்ளைகளும் அவர்களுள் இருந்தனர். அந்தப் பிள்ளைகளுக்கு நீந்தத் தெரிந்திருந்தால் பிழைத்திருப்பார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. பாதுகாப்பான படகும் பாலமும் இல்லாமற் போனதற்குரிய பொறுப்பைப் பிள்ளைகளின் தலையில் கட்டுவது அநியாயம். ஆயினும் ஒருபுறம் கடல், ஒருபுறம் மகாவலியின் கழிமுகம், சுற்றிலும் களப்பும் குளமும் என்று அமைந்த ஒரு பிரதேசத்தில், 2004 டிசம்பர் 26இல் சுனாமியையும் கண்ட ஒரு பிரதேசத்தில், பிள்ளைகளை நீரிலிருந்து ஒதுக்கி வைப்பது பாதுகாப்பு ஆகாது. 2021ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 3 இலட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணித்திருக்கிறது. அவர்களில் ஏறக்குறைய காற்பங்கினர் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். பெண்பிள்ளைகள் விஷயத்தில் இந்த "காதுக்கு ஆகாது" என்ற தடை இன்னும் எளிதாக விழுகிறது என்பதையும் கவனித்திருக்கிறேன். காது ஒரு சாக்கு.

உடற்பயிற்சி செய்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. என் இடது காது போனது கடலால் அல்ல, அச்சகத்தால். சுழல் அச்சியந்திரம் ஓடும் கூடத்தில் நின்று முதல் பிரதியைப் பார்ப்பது ஒரு பெருமை என்று நினைத்து, இரவு இரவாகப் பல வருடங்கள் நின்றேன். காதில் எதுவும் போட்டதில்லை; போடச் சொன்னவர்களும் இல்லை. இன்றைய இளைஞர்கள் அதே இரைச்சலைப் பணம் கொடுத்து வாங்குகிறார்கள். ஜிம்மில் ஒலிபெருக்கி அலறுகிறது. அதையும் மீறிக் கேட்பதற்காகக் காதுக்குள் வேறு ஒன்றைச் செருகிச் சத்தத்தைக் கூட்டுகிறார்கள். வாரத்தில் 40 மணித்தியாலங்களுக்கு 80 டெசிபல் என்பதே பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை. சத்தம் மூன்று டெசிபல் கூடினால் கேட்கக்கூடிய நேரம் பாதியாகும். அழுத்தினால் சுருங்கி, காதுக்குள் மெல்ல விரியும் நுரை அடைப்பான் இத்தகைய இடத்துக்குத்தான் உரியது. நீச்சலுக்கு உரியதல்ல, ஏனெனில் அது தண்ணீரை உறிஞ்சும். வெளியிணைப்பு என்ஜின் பூட்டிய வள்ளத்தில் நாள் முழுவதும் பின்னணியத்தில் அமர்ந்திருக்கும் மீனவருக்கும் அது பொருந்தும். ஆனால் வீதியோரம் ஓடுபவர் இரண்டு காதையும் அடைத்துக்கொண்டு ஓடக் கூடாது. பின்னால் வரும் பஸ் ஹோர்ன் அடிப்பது அவருக்காகத்தான்.

மூதூரில் இரண்டாம் நாள் மாலை, பையனின் தாயாருடன் நீண்ட நேரம் பேசினேன். சுழியோடியாக இருந்த சின்ன மூத்தாப்பாவும் அருகில் இருந்தார். மேலே நீந்துவது வேறு, கீழே இறங்குவது வேறு என்பதை அவர்தான் என்னைவிட நன்றாக எடுத்துச் சொன்னார். "மேல மிதக்கிறவனுக்கு அடைப்பு, கீழ போறவனுக்குத் திறப்பு" என்றார். தாயார் சம்மதிக்கவுமில்லை, மறுக்கவுமில்லை. முதலில் வைத்தியரிடம் காட்டிக் காதில் துளை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு பிறகு யோசிப்போம் என்றார். அது நியாயம்.

நேற்று நண்பர் தொலைபேசியில் அழைத்தார். கிளினிக்குத் திகதி வாங்கிவிட்டார்களாம். பையன் இப்போதே ஒரு வாஸலீன் போத்தலை எடுத்துத் தன் புத்தகப் பைக்குள் வைத்திருக்கிறானாம். வாடைக்காற்று தொடங்கினால் குடாவில் பிள்ளைகளை இறக்க முடியாது. அதற்குள் எல்லாம் முடிந்துவிட வேண்டுமே என்பதுதான் நண்பரின் கவலை.