உலர்ந்த பழமும் உலராத சர்க்கரையும்

சர்க்கரை வியாதிக்காரர் உள்ள வீடுகளில் ஒரு விசித்திரமான சம்பிரதாயம் காணப்படுகிறது. சர்க்கரை டப்பா பரண்மேல் ஏறிவிடும். லட்டுவுக்கும் மைசூர்பாகுக்கும் கடுமையான தடையுத்தரவு பிறக்கும். ஆனால் அலமாரியில் பேரீச்சம்பழமும் உலர்ந்த திராட்சையும் பகிரங்கமாக வீற்றிருக்கும். கேட்டால், "அது பழந்தானே! பகவான் கொடுத்த இனிப்பு, என்ன செய்துவிடும்?" என்று பதில் வரும்.

பகவான் கொடுத்தது வாஸ்தவம். ஆனால் இரத்தத்தில் கலந்த குளுகோஸ், தான் கரும்பு வம்சமா, திராட்சை வம்சமா என்று பார்த்து நடந்துகொள்வதில்லை.

கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். புதிய திராட்சையில் நூற்றுக்கு 80 பங்கு ஜலம். 100 கிராம் பழத்தில் சர்க்கரை சுமார் 16 கிராம்தான். உலரும்போது ஜலம் போய்விடுகிறது, சர்க்கரை போவதில்லை. ஆகவே 100 கிராம் உலர்ந்த திராட்சையில் 60 கிராமுக்கு மேல் சர்க்கரை. ஒரு கொத்துப் பழம் தின்றால் வயிறே "போதும்" என்று சொல்லும். அதே கொத்து உலர்ந்தால் உள்ளங்கையில் அடங்கி, "இன்னும் கொஞ்சம்" என்று கையை நீட்டச் செய்யும்.

இதனால் உலர்ந்த பழம் அறவே ஆகாது என்று அர்த்தமல்ல. அதில் நார்ச்சத்து உண்டு; வெள்ளை ரொட்டியைப்போல் அத்தனை வேகமாகப் பேரீச்சம்பழம் சர்க்கரையை ஏற்றுவதில்லை. இரண்டு மேஜைக்கரண்டி திராட்சையிலும், பெரிய ஜாதிப் பேரீச்சம்பழம் ஒன்றிலும், ஏறக்குறைய ஒரு ரொட்டித் துண்டுக்குச் சமமான மாவுச்சத்து இருக்கிறது. அதைச் சாப்பாட்டுக்கு மேல் உபரியாகச் சேர்க்காமல், வேறொன்றைக் குறைத்து அதன் இடத்தில் உண்ணலாம். இரண்டு மணி நேரம் கழித்துக் கருவியில் பார்த்தால் அவரவர் உடம்பே தீர்ப்புச் சொல்லும். சர்க்கரைப் பாகில் ஊறவைத்து உலர்த்திய அன்னாசி, மாம்பழத் துண்டுகளோ பழ வேஷம் போட்ட மிட்டாய்கள்! சிறுநீரக வியாதியும் உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்காமல் எந்த உலர்ந்த பழத்தையும் தொடலாகாது. அவற்றில் பொட்டாசியம் அதிகம்.

எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்றில், பெரியவருக்குப் பழமும் கூடாதென்று விதித்துவிட்டார்கள். அவர் சட்டைப் பையில் பேரீச்சம்பழத்தை ஒளித்துவைக்கத் தொடங்கினார். இரத்தத்தில் சர்க்கரை ஏறிற்று. ரகசியமறியாத வைத்தியர் இன்ஸுலின் அளவை உயர்த்தினார். ஒரு நாள் மகள் வீட்டுக்குப் போன இடத்தில் திருட்டுப் பழத்துக்கு வழியில்லை. ஊசி மட்டும் வழக்கம்போல் வேலை செய்தது. வியர்த்து, கைகால் நடுங்கி, பேச்சுக் குழறிச் சாய்ந்துவிட்டார். சர்க்கரைத் தண்ணீரைப் புகட்டிய பிறகே தெளிந்தார். அவரைச் சாய்த்தது பழமல்ல, ஒளிவுமறைவுதான்.

2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நம் தேசத்தில் சுமார் 10 கோடிப் பேருக்கு இவ்வியாதி இருப்பதாகக் கணக்கிட்டது. அத்தனை வீடுகளிலும் போலீஸ் உத்தியோகம் பார்க்க ஆள் கிடைக்குமா? கிடைத்தாலும் பயனில்லை. பரீட்சை மண்டபத்தில் காவலைப் பெருக்கினால் காப்பியடிப்பது குறையலாம், கல்வி வளராது. இருபது வருஷமாக வாத்தியாராக இருந்து நான் கற்ற பாடம் இது.

ஆகவே, அம்மணிகளே, ஐயாமார்களே! சட்டைப் பையில் ஒளியும் ஐந்து பழங்களைக் காட்டிலும், எல்லோரும் பார்க்கத் தட்டில் கணக்காக வைத்த ஒரு பழம் மேலானது. அந்த ஒன்றை வைத்தியரிடமும் சொல்லிவிடுங்கள்.