நீரிழிவுக்கு விடை பேணியில் இல்லை

மலையக நகரங்களின் மருந்தகங்களில், ‘நீரிழிவு நோயாளருக்கானது’ என்ற குறிப்புடன் சத்துமாப் பேணிகள் அடுக்கி வைக்கப்பட்டிருப்பது இன்று புதுமையான காட்சியல்ல. நோட்டன் பிரிட்ஜ், மஸ்கெலியா பகுதித் தோட்டங்களிலிருந்து மாதாந்த கிளினிக்குக்காக ஹட்டன், டிக்கோயா செல்லும் நோயாளரின் குடும்பத்தினர் இப்பேணியையும் மருந்தென்றே எண்ணி வாங்க முற்படுகின்றனர். பெற்றோர் மீதான பாசமும் நோய் பற்றிய அச்சமுமே இதற்குக் காரணமாகும். அந்தப் பாசம் சரியான வழியில் செலவிடப்படுகின்றதா என்பதே இங்கு எழும் கேள்வியாகும்.

மருத்துவ உணவு என்பது பயனற்ற ஒன்றல்ல. பீனைல்கீட்டோனூரியா என்ற பிறவி நோயுள்ள குழந்தைக்குத் தனியாகத் தயாரிக்கப்பட்ட புரத உணவு கிடைக்காவிடின் மூளை வளர்ச்சி பாதிக்கப்படும். விழுங்க முடியாத நோயாளிக்குக் குழாய் வழியே செலுத்தப்படும் உணவும் உயிர்காப்பதாகும். இத்தகைய நிலைமைகளைக் கருத்திற்கொண்டே, வைத்தியரின் மேற்பார்வையில் உட்கொள்ள வேண்டிய உணவு என்று 1988 ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம் இதனை வரையறுத்தது. 1991 இல் கோடெக்ஸ் ஆணைக்குழுவும் இவ்வுணவுகளின் லேபல்கள் தொடர்பான நியமத்தை வகுத்தது.

ஆனால், நீரிழிவு இவ்வரையறைக்குள் பொதுவாக அடங்காது என அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2016 இல் வெளியிட்ட வழிகாட்டலில் தெரிவித்துள்ளது. வழமையான உணவை மாற்றியமைப்பதன் மூலமே அதனைக் கட்டுப்படுத்த முடியும் என்பதே அதற்கான காரணமாகும். சத்துமா ஒருவேளை உணவுக்குப் பதிலாக அருந்தப்பட்டால் சிலருக்குப் பயன் தரலாம். ரொட்டியும் சீனித் தேநீரும் உண்ட பின் மேலதிகமாக அருந்தப்படுமாயின், இரத்தத்தில் சீனி உயரவே செய்யும். சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர் வைத்திய ஆலோசனையின்றிப் புரதம் மிகுந்த மாவை அருந்துவது ஆபத்தானதுமாகும்.

ரமழான் காலத்தில் இவ்விடயம் மேலும் கவனத்துக்குரியதாகின்றது. இன்சுலினையோ, சீனியை வேகமாகக் குறைக்கும் மாத்திரைகளையோ பயன்படுத்தும் முஸ்லிம் சகோதரர்கள் நோன்புக்கு முன்னரே வைத்தியரைக் கண்டு மருந்தின் அளவையும் வேளையையும் மாற்றிக்கொள்ள வேண்டும். ஸஹர் வேளையில் அருந்தும் ஒரு கோப்பைச் சத்துமா அந்த ஆலோசனைக்கு ஈடாகாது.

தோட்ட மக்களின் உணவில் கோதுமை மா முதன்மை பெற்றது தற்செயலானதல்ல. நிர்வாகங்கள் மாவை வழங்கி அதன் விலையைச் சம்பளத்தில் கழித்துக்கொண்ட நீண்டகால வழக்கம் அதன் பின்னணியில் உள்ளது. அதிகாலையில் மலையேற வேண்டிய பெண்ணுக்கு ரொட்டியே இலகுவான உணவாகவும் அமைந்தது. 2024 இல் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்ட அடிப்படை நாட்சம்பளத்தை 1,550 ரூபாவாக உயர்த்தி, வரவுக் கொடுப்பனவாக மேலும் 200 ரூபா வழங்க 2026 ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் முன்மொழியப்பட்டது. இவ்வருமானத்தில் ஒரு பேணி பல நாள் உழைப்பை விழுங்கிவிடும்.

அந்தப் பணம் எங்கிருந்து வருகின்றது என்பதையும் நோக்க வேண்டும். 2016 ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார மதிப்பாய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமற்றோர் நாடளாவிய ரீதியில் 17.3 வீதமாகவும் தோட்டப்புறங்களில் 31.7 வீதமாகவும் காணப்பட்டனர். பாட்டிக்கு நீரிழிவும் பேரனுக்குப் போசாக்கின்மையும் ஒரே லயன் அறையில் இருக்கக்கூடும். பாட்டியின் பேணிக்காகப் பேரனின் முட்டையும் பாலும் குறைக்கப்படுமாயின் இருவருக்குமே நன்மையில்லை. குறைந்த எடையுடன் பிறப்போருக்குப் பிற்காலத்தில் நீரிழிவு ஏற்படும் வாய்ப்பு அதிகம் என்பதையும் மறந்துவிடலாகாது.

உணவையே சிகிச்சையாக வழங்கும் அனுபவம் இந்நாட்டுக்குப் புதிதல்ல. 1973 இல் ஆரம்பிக்கப்பட்ட திரிபோஷ திட்டம், வறிய தாய்மாருக்கும் குழந்தைகளுக்கும் சத்துணவை இலவசமாகவே கொண்டு சேர்த்தது. தேவையை அளந்து, உரியவருக்கு அரச செலவில் வழங்குவதே அதன் அடிப்படையாகும். மருத்துவ உணவிலும் அதே முறை பின்பற்றப்பட வேண்டும். உண்மையில் அது தேவைப்படும் நோயாளருக்கு வைத்தியசாலையே அதனை வழங்க வேண்டும்.

ஏனையோருக்குத் தேவைப்படுவது ஆலோசனையே. இந்திய உதவியுடன் கட்டப்பட்டு 2017 இல் திறக்கப்பட்ட டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலையிலும் ஏனைய கிளினிக்குகளிலும், எத்தனை ரொட்டி, எவ்வளவு பருப்பு, என்ன கீரை என்று தமிழில் விளக்கக்கூடிய போசணை ஆலோசகர்கள் இருப்பதை சுகாதார அமைச்சு உறுதிப்படுத்த வேண்டும். பேணிகளின் லேபல்களில் சீனியின் அளவும் உட்கொள்ளும் முறையும் தமிழிலும் தெளிவாக அச்சிடப்படுதல் அவசியம். தோட்ட நிர்வாகங்கள் காய்கறி பயிரிடுவதற்குச் சிறு நிலத்தை ஒதுக்குவதும் ஒரு சுகாதாரப் பணியே.

அதுவரை, பேணிக்குப் பணத்தை எண்ணிக் கொடுக்கும் முன், ‘இது எனக்குத் தேவைதானா, எந்த உணவுக்குப் பதிலாக?’ என்று ஒவ்வொரு நோயாளியும் தமது வைத்தியரிடம் கேட்கத் தயங்கக்கூடாது.