பொலோனியாச் சதுக்கமும் டச்சுக்குடாக் கரையும்

2025 ஆகஸ்ட் முதலாம் திகதி, தனுஷ் நடித்த ‘அம்பிகாபதி’ மறுபடியும் திரைக்கு வந்தது. படத்தின் முடிவை செயற்கை நுண்ணறிவைக் கொண்டு மாற்றியிருந்தார்கள். சாக வேண்டிய நாயகன் பிழைத்துக்கொண்டான். இயக்குநர் ஆனந்த் எல். ராய் எதிர்த்தார், தனுஷும் எதிர்த்து அறிக்கை விட்டார். உரிமை வைத்திருந்த நிறுவனம் அசையவில்லை. அதற்கு ஐந்து வாரம் முன்னர், ஜூன் 27 இரவு, இத்தாலியின் பொலோனியா நகரச் சதுக்கத்தில் ‘ஷோலே’ திரையிடப்பட்டது. 1975இல் தணிக்கைக்குப் பணிந்து மாற்றிய முடிவு போய், ரமேஷ் சிப்பி முதலில் எடுத்த முடிவே அதில் இருந்தது. ஒன்று கலைஞன் செய்ததை அழித்தது. மற்றது அழிக்கப்பட்டதைத் திருப்பிக் கொடுத்தது. இரண்டையும் ஒரே அலையின் இரண்டு துளிகளாகப் பேசுகிறவர்களோடு எனக்கு வழக்கு உண்டு.

தமிழ்த் திரையுலகில் இப்போது பழைய படங்களின் காலம். ‘கில்லி’, ‘பாட்ஷா’, ‘படையப்பா’ என்று வரிசையாக வருகின்றன. கற்பூரம் காட்டுகிறார்கள், காகிதம் பறக்கிறது. வரட்டும், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இந்த ஆரவாரத்தை நாம் பாதுகாப்பு என்று நம்பிவிடக் கூடாது. முப்பது வருஷத்துக்கு முந்திய வெற்றிப் படத்தைத் துடைத்து விற்பது வியாபாரம். அறுபது வருஷத்துக்கு முந்திய, விற்குமா என்று தெரியாத படத்தைத் தேடிப் பிடித்துக் காப்பாற்றுவது வேறு வேலை. இரண்டும் ஒருசேர நடந்த அபூர்வம் 2012இல் வந்த ‘கர்ணன்’. 1964இல் பி.ஆர். பந்துலு எடுத்த படத்தை, சென்னையில் ஒரு விநியோகஸ்தர் தன் கையிலிருந்த பணத்தைப் போட்டு மீட்டெடுத்தார். புதுப் படங்களோடு போட்டி போட்டு அது நூறு நாளைக் கடந்தது. குருஷேத்திரப் போர்க்களத்தைக் கைப்பேசியில் பார்த்துப் பழகிய பெடியங்களுக்கு, தேர்ச்சக்கரத்தில் ஒட்டிய மண் கூடத் தெரிகிற அளவில் அது கிடைத்தது. பந்துலு எந்த அளவுக்காக அந்தப் படத்தை எடுத்தாரோ, அந்த அளவு.

இலங்கைக்கு வருவோம். 2008இல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் ‘கம்பெரலிய’ மீட்டெடுக்கப்பட்டு கேன் விழாவுக்குப் போனது. 2013இல் அவருடைய ‘நிதானய’ வெனிஸுக்குப் போனது. 2025 மே மாதம் சுமித்ரா பீரிஸின் ‘கெஹெணு லமாய்’ கேனுக்குப் போனது. இந்தியத் திரைப்படப் பாரம்பரிய அறக்கட்டளை, இந்தியா, பிரான்ஸ், இலங்கை ஆகிய மூன்று நாடுகளும் சேர்ந்த திட்டமொன்றின் கீழ் அதை மீட்டெடுத்தது. 1978இல் ஒரு பெண் எடுத்த முதற்படம் அது. ஏழைக் கிராமத்துப் பெண் ஒருத்தியின் முகத்தில் ஓடும் தயக்கத்தை வைத்தே கதை சொல்கிற கறுப்பு வெள்ளைப் படம். சுமித்ரா 2023 ஜனவரியில் காலமானார், அந்தத் திரையிடலை அவர் பார்க்கவில்லை. மூன்றும் மகத்தான வேலைகள், செய்தவர்களை மனதாரப் பாராட்டுகிறேன். என்னுடைய கேள்வி அதற்குப் பிறகு நடப்பதைப் பற்றியது. மீட்டெடுத்த படத்தை மாவட்டம் மாவட்டமாக எடுத்துச் சென்று பெரிய திரையில் காட்டும் நிரந்தர ஏற்பாடு இந்த நாட்டில் இல்லை. கேனில் எழுந்து நின்று கைதட்டியவர்களுக்காகவா சுமித்ரா படம் எடுத்தார்?

பொலோனியாவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 1986 முதல் அங்கே மீட்டெடுத்த படங்களுக்கென்றே ஒரு விழா நடக்கிறது. கோடை இரவுகளில், சான் பெத்ரோனியோ தேவாலயத்துக்கு முன்னாலுள்ள பெரிய சதுக்கத்தில் ராட்சதத் திரையொன்றை நிறுத்துகிறார்கள். டிக்கெட் கிடையாது. நாற்காலி கிடைத்தவர் நாற்காலியில், கிடைக்காதவர் தேவாலயப் படிக்கட்டில், குழந்தைகள் தரையில். ஆயிரக்கணக்கான சனம். ‘ஷோலே’யை அந்த இரவில் பார்த்தவர்களில் பலருக்கு ஹிந்தி ஒரு சொல் தெரிந்திருக்காது. ‘நிதானய’வுக்கு உயிர் கொடுத்த பரிசோதனைக்கூடமும் அதே நகரத்தில்தான் இருக்கிறது. இனி எண்ணிக்கையைப் பாருங்கள். பொலோனியாவின் சனத்தொகை சுமார் 3 இலட்சத்து 90 ஆயிரம். 2012 கணக்கெடுப்பின்படி திருகோணமலை மாவட்டத்தின் சனத்தொகை 3 இலட்சத்து 79 ஆயிரம். அதாவது, எங்களைப் போலவே அளவுள்ள ஒரு சமூகம் உலகத்தின் பழைய படங்களுக்கெல்லாம் தாய்வீடாக இருக்கிறது. அது ரோம் அல்ல, மிலான் அல்ல, இரண்டாம் நிலை நகரம். பெரிய நகரம் வேண்டும், பெரிய பணம் வேண்டும், பெரிய சனத்தொகை வேண்டும் என்று யாராவது சொன்னால் இந்த இரண்டு எண்களையும் அவர்கள் முன் வையுங்கள். பிறகு பேச ஒன்றும் இருக்காது.

எங்களிடம் சதுக்கம் இல்லையா? திருகோணமலையின் டச்சுக்குடாக் கரைக்கு மாலையில் வந்து பாருங்கள். ஒரு பக்கம் பிரெட்ரிக் கோட்டை, மேலே கோணேசர் மலை, நடுவே மணல். வேலை முடிந்த குடும்பங்கள் கடலைச் சுருளோடு உட்கார்ந்திருப்பார்கள், கோட்டைப் பக்கத்து மான்கள் வீதியைக் கடந்து போகும். வைகாசியிலிருந்து ஆவணி வரை கடல் தணிந்து, மழை விலகி நிற்கும் காலம். மேலே நிறுத்தும் திரையும் ஒளிபாய்ச்சும் இயந்திரமும் தவிர எல்லாம் இருக்கிறது.

அங்கே முதலில் காட்ட வேண்டிய படம் எது என்பதிலும் எனக்குச் சந்தேகமில்லை. 1962இல் வந்த ‘ரன்முத்து தூவ’. சிங்களத்தின் முதல் முழுநீள வண்ணப்படம், இயக்கியவர் மைக் வில்சன். 1956இலிருந்து எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவரும் இந்தக் கடலில் மூழ்கித் திரிந்தவர்கள். 1620களில் போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளிய கோணேசர் கோயிலின் தூண்களையும் சிற்பங்களையும் கடலடியில் கண்டு உலகத்துக்குச் சொன்னவர்கள். அந்த அனுபவத்தைக் கொண்டே, கிளார்க்கின் துணையோடு, கடலடிப் புதையலைத் தேடும் கதையை வில்சன் படமாக்கினார். திருகோணமலைக் கடலுக்கடியில் எடுத்த காட்சிகள் அதில் உண்டு. நாயகன் காமினி பொன்சேகா. அதே காமினிதான் பத்து வருஷம் கழித்து ‘நிதானய’வில் மாலினி பொன்சேகாவோடு நடித்தார். இசை அமரதேவ. வில்சன் பிற்காலத்தில் சுவாமி சிவ கல்கி என்ற பெயரோடு கதிர்காம முருகனின் அடியாராகவே ஆகிவிட்டார். சிங்களப் படம், ஆங்கிலேய இயக்குநர், தமிழ்க் கோயிலின் கடல். கோயில் மறுபடி எழுந்து 1963இல் குடமுழுக்குக் கண்டதற்கு முந்திய ஆண்டு வந்த படம். அந்தக் கடலின் கரையில், அந்த மலையின் அடியில் அதைப் போடாமல் வேறெங்கே போடுவது?

‘எல்லாம்தான் யூடியூப்பில் இருக்கிறதே’ என்பார்கள். யூடியூப்பில் இருப்பது படத்தின் சவம். இரண்டரை மணிப் படமென்றால் 2 இலட்சத்து 16 ஆயிரம் சட்டங்கள். ஒவ்வொன்றிலும் உள்ள கீறலை, கறையை, நடுக்கத்தை உட்கார்ந்து நீக்குகிறார்கள். அந்த உழைப்பைக் கையகலக் கண்ணாடியில் பார்ப்பவர் ஒன்றையும் பார்க்கவில்லை. ‘வெளிமாவட்டச் சனம் பழைய படத்துக்கு வராது’ என்பவர்களுக்கு ஒரு பழைய கணக்கு. 1979இல் இலங்கையில் விற்ற சினிமா டிக்கெட்டுகள் 7 கோடியைத் தாண்டின. அப்போது நாட்டின் சனத்தொகை ஒன்றரைக் கோடி கூட இல்லை. தொட்டில் குழந்தையையும் சேர்த்து, ஆளுக்கு ஐந்து தடவை. அந்தச் சனம் நெல்சன், சரஸ்வதி படமாளிகைகளில் கலரி டிக்கெட்டுக்கும் ஓ.டி.சி. டிக்கெட்டுக்கும் வரிசையில் நின்ற சனம்தான். அவர்கள் சினிமாவை விட்டுப் போகவில்லை, சினிமா அவர்களை விட்டுப் போனது. ‘சோற்றுக்கு வழியில்லாத நேரத்தில் படமா’ என்று கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. திருகோணமலை என்றால் 99 எண்ணெய்த் தாங்கிகள், ஒரு ஆழ்கடல் துறைமுகம், மூன்று நாட்டு எரிசக்தி ஒப்பந்தம் என்று மட்டுமே பேசிப் பழகிய வாய் அது. இந்த ஊரில் மனிதரும் இருக்கிறார்கள்.

இனி என் உண்மையான கோபம். கேனுக்கும் வெனிஸுக்கும் போன அந்த மூன்று படங்களும் சிங்களப் படங்கள். இலங்கையில் எடுத்த தமிழ்ப் படங்கள் எங்கே? 1962இல் ‘சமுதாயம்’, 1963இல் ‘தோட்டக்காரி’, 1972இல் ‘குத்துவிளக்கு’, 1977இல் ‘பொன்மணி’, 1978இல் செங்கை ஆழியானின் நாவலிலிருந்து ‘வாடைக்காற்று’. ‘பொன்மணி’யை எடுத்தவர் தர்மசேன பத்திராஜ, யாழ்ப்பாணத்துச் சாதியையும் சீதனத்தையும் ஒரு சிங்களக் கலைஞர் கூர்ந்து பார்த்த படம். இவற்றில் ஒன்றைக்கூட உலகத் தரத்தில் மீட்டெடுத்ததாக நான் கேள்விப்படவில்லை. வாங்குவார் இல்லை என்கிறார்கள். ‘கெஹெணு லமாய்’க்கு வாங்குவார் வரிசையில் நின்றாரா? தமிழ்ப் படமென்றால் அது சென்னையில் இருந்து வரும் என்று கொழும்பும் நினைக்கிறது, நாங்களும் நினைக்கிறோம். எங்களுடைய குற்றமே பெரிது.

மொழி பார்த்துப் பிரித்து வைக்கிற இந்தப் புத்தி இலங்கைச் சினிமாவின் பிறப்பிலேயே இருந்ததில்லை. முதல் சிங்களப் பேசும்படமான ‘கடவுனு பொரொந்துவ’ 1947இல் வந்தது. தயாரித்தவர் எஸ்.எம். நாயகம் என்ற தமிழர், எடுத்தது மதுரையில். 1983 ஜூலையில் கே. குணரத்தினத்தின் ஹெந்தளை விஜயா ஸ்ரூடியோவைத் தமிழர் சொத்தென்று கொளுத்தினார்கள். உள்ளே எரிந்த நெகட்டிவ்கள் சிங்களப் படங்களுடையவை. அதே கலவரத்தில் கே. வெங்கட் என்ற இயக்குநரை எரித்துக் கொன்றார்கள், அவர் எடுத்தவையும் சிங்களப் படங்கள். முறையான தேசியத் திரைப்படக் காப்பகம் வேண்டும் என்று லெஸ்டர் தசாப்தக் கணக்கில் கேட்டுக் கொண்டிருந்துவிட்டு 2018இல் போய்ச் சேர்ந்தார். ஒழுங்கான காப்பகம் அப்போதே இருந்திருந்தால் அந்தத் தீயில் போனவற்றில் பாதியாவது இன்று நம் கையில் இருந்திருக்கும்.

ஆகவே கேட்கிறேன். திரைப்படக் கூட்டுத்தாபனமும் கிழக்கு மாகாணப் பண்பாட்டலுவல்கள் திணைக்களமும் சேர்ந்து, வருகிற வைகாசியில் டச்சுக்குடாக் கரையில் ஐந்து இரவு பெரிய திரை நிறுத்தட்டும். ‘ரன்முத்து தூவ’, ‘நிதானய’, ‘கெஹெணு லமாய்’, ‘பொன்மணி’, ‘கர்ணன்’. மூன்று மொழியிலும் துணைவாசகம், டிக்கெட் வேண்டாம். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே மணலில் உட்கார்ந்து ஒரே முகத்தைப் பார்த்து அழுகிற ஐந்து இரவுகள், எத்தனையோ வருஷங்களாக நல்லிணக்கக் குழுக்கள் மண்டபம் போட்டுப் பேசியதைவிட இந்த ஊருக்கு நன்மை செய்யும். இதில் எனக்கு ஐயமே இல்லை.

வாசகரிடமும் ஒன்று. படமாளிகை வைத்திருந்த குடும்பங்கள், படப்பெட்டி ஏற்றி இறக்கியவர்கள், ஒப்பரேட்டராக வேலை செய்தவர்கள் இந்த மாவட்டத்தில் இன்னும் இருக்கிறார்கள். உங்கள் பரணில் படச்சுருள் தகரம் ஏதும் கிடந்தால் பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுவிடாதீர்கள். மூடியைத் திறக்கும்போது புளித்த காடி மணம் அடித்தால் சுருள் சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள், ஆனாலும் அது முடிந்துபோன கதையல்ல. வெயிலில் காயப் போடாதீர்கள், தண்ணீரில் கழுவாதீர்கள். வீட்டில் ஆகக் குளிரான, ஈரமில்லாத அறையில் கிடையாக வைத்துவிட்டு, மாவட்டச் செயலகத்துக் கலாசார உத்தியோகத்தரிடம் எழுத்தில் அறிவியுங்கள். ‘வாடைக்காற்று’ படத்தின் நல்ல பிரதியொன்று அப்படிக் கிடந்தால் அதை மீட்டெடுக்கப் பணம் திரட்டும் வேலையை எங்களிடம் விடுங்கள். குஜராத்தில் 5 இலட்சம் பாற்பண்ணை விவசாயிகள் ஆளுக்கு 2 ரூபா போட்டுத்தான் 1976இல் ‘மந்தன்’ படம் எடுக்கப்பட்டது.