கம்பளைத் தீர்ப்பு யாருடைய வெற்றி?

"கம்பளை பெரஹரா வழக்கில் நாம் வென்றோம்" என்று நம்மவர் சிலர் இன்னும் பெருமை பேசுகிறார்கள். கம்பளைக்கு அயலிலுள்ள பிலிமத்தலாவையில் இருந்து நான் கேட்கிறேன்: வென்றது நாமா?

வலகாகொட தேவாலய பஸ்நாயக்க நிலமே வழக்காடியது அரசாங்கத்தோடு. பள்ளிவாசலருகே மேளம் அடிக்கக் கூடாது என்ற அரசாங்க அதிபரின் தடை செல்லுமா என்பதே கேள்வி. 1815 கண்டி ஒப்பந்தத்தின் 5ஆம் பிரிவு பௌத்தத்துக்குத் தந்த வாக்குறுதியைக் காட்டி, 1914இல் மாவட்ட நீதிபதி போல் பீரிஸ் நிலமேயின் பக்கம் தீர்ப்பளித்தார். 1915 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் அதை மாற்றியது. அரசு இயற்றிய சட்டம் அந்த வாக்குறுதியை விஞ்சும் என்பதே அதன் சாரம். அங்கே நிலைநாட்டப்பட்டது பள்ளிவாசலின் உரிமையல்ல, வெள்ளையரின் அதிகாரம்.

விலை கொடுத்தவர் யார்? அவ்வாண்டு மே மாத வெசாக் இரவில் கண்டியில் மூண்ட கலவரம் பல மாகாணங்களுக்குப் பரவியது. எரிந்தவை நம் கடைகள். பின்னர் இராணுவச் சட்டத்தின் கீழ் சுடப்பட்டவர்கள் சிங்களவர்கள். தீர்ப்பெழுதிய அதிகாரத்துக்கோ ஒரு கீறலுமில்லை.

மேலிருந்து வந்த உத்தரவை உரிமையென்று கொண்டாடுவதை இனியாவது நிறுத்துவோம். அயலவனோடு பேசிப் பெறாத அமைதியை எந்த நீதிமன்றமும் காவல் காக்காது.