676 மில்லிமீட்டருக்கு 12 வருஷம்!

மதுரை - போடிநாயக்கனூர் ரயில் பாதையின் நீளம் சுமார் 90 கிலோமீட்டர். ஏலக்காய், தேயிலை, காப்பி, மிளகு என்று மலையில் விளைவதைக் கீழே கொண்டுபோக 1928-ல் வெள்ளைக்காரன் காலத்தில் போட்ட மீட்டர்கேஜ் பாதை. இரண்டாம் உலகப்போர் வந்தது, தண்டவாளத்தையே பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு 1950-களில்தான் மறுபடி ரயில் ஓடியது. சரி, அது போர். மன்னிக்கலாம்.

2010 டிசம்பர் கடைசியில் மறுபடி மூடினார்களே, அதற்கு எந்தப் போர் காரணம்?

அகலப்பாதை! 1000 மில்லிமீட்டர் இடைவெளியை 1676 ஆக்க வேண்டும். அவ்வளவுதான். ஆனால் போடிக்குப் பயணிகள் ரயில் திரும்பி வந்தது 2023 ஜூன் மாதம். பன்னிரண்டரை வருஷம்! கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு நாளைக்கு 20 மீட்டர். ஒரு ரயில் பெட்டியின் நீளம்கூட இல்லை!

"ஆண்டிப்பட்டி கணவாயில் பாறையை உடைக்கணும், பாலங்களை மாற்றணும், சும்மாவா?" என்பார்கள். உண்மைதான். ஆனால் பாறை 2011-ல் முளைத்ததா என்ன? மூடுவதற்கு முன்பே அங்கேதானே இருந்தது! முழுப் பணத்தையும் ஒதுக்கிவிட்டு மூடியிருந்தால் வேலை ஓடியிருக்கும். முதலில் மூடிவிட்டு, பிறகு பட்ஜெட்டுக்கு பட்ஜெட் கிள்ளிக் கொடுத்தால் இப்படித்தான் ஆகும்.

இன்னொரு கூத்து. உசிலம்பட்டி வரை 2020 ஜனவரியிலேயே சோதனை ஓட்டம் முடிந்தது. பயணிகளை ஏற்றியதோ 2022 மே மாதம், தேனி வரை. நடுவில் கொரோனா வந்தது, ஒப்புக்கொள்ளலாம். அதற்கு முந்தைய ஒன்பது வருஷத்துக்கு எந்தக் கிருமி காரணம்?

"கிளைப்பாதையெல்லாம் நஷ்டம், பஸ் போதாதா?" என்று கேட்கும் அறிவாளிகளுக்கு ஒரு வார்த்தை. 2011-ல் ஆறாம் வகுப்பில் சேர்ந்த தேனிப் பிள்ளை, உள்ளூர் ஸ்டேஷனில் ரயில் ஏறாமலே காலேஜை முடித்துவிட்டது. ஒரு தலைமுறையையே பஸ்ஸுக்குப் பழக்கிவிட்டு, "ரயிலில் கூட்டமில்லையே" என்று கைவிரிப்பது என்ன நியாயம்?

அகலப்பாதை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. இன்று சென்னையிலிருந்து போடிக்கே நேராக ரயில் வருகிறதென்றால் அதனால்தான். கேட்பது ஒன்றே ஒன்று: இனி எந்தக் கிராமத்துப் பாதையை மூடினாலும், திறக்கும் தேதியையும் அதற்கான முழுப் பணத்தையும் முதலில் மேஜையில் வையுங்கள். பூட்டை அப்புறம் எடுக்கலாம்!