நம்பிக்கைக்கு எதிர்ச்சொல் யாது?

நம்பிக்கையின் மறுதலையைக் குறிக்க ஆங்கிலத்தில் சொற்கள் பல உள. தமிழில் 'நம்பிக்கையின்மை' ஒன்றே உளது என்பார் உளர். இக்கூற்று அறியாமையின்பாற்பட்டது.

'டிஸ்பேர்' என்பதன் இலத்தீன் வேர்ப்பொருள் நம்பிக்கை அற்றுப்போதல். 'பெசிமிசம்' தீமையையே எதிர்பார்க்கும் மனப்பாங்கு. 'டிப்ரெஷன்' மருத்துவம் வேண்டும் நோய். இம்மூன்றையும் ஒரே சொல்லால் பெயர்ப்பது பொருந்துமா? நாடாளுமன்றத்தில் நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொணர்வோர் துயரால் சோர்ந்தவர் அல்லரே! அங்கே நம்பிக்கை என்பது பிறர்மேல் வைப்பது. இங்கே நாளைமேல் வைப்பது. செயலற்று நிற்கும் துயருக்குப் புறத்திணை தந்த 'கையறுநிலை' உண்டு, எதிர்பார்த்தது பொய்த்தால் 'ஏமாற்றம்', நோய்க்கு 'மனச்சோர்வு'. குறை மொழியிலில்லை, தேடாதவரிடத்தே உளது.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. 1929-இல் 'போ' தேயிலைத் தோட்டம் தோன்றிய கேமரன் மலையில், சரிவுகளில் கொழுந்து பறித்த தமிழர் தம் மக்களைப் பள்ளிக்கு அனுப்பினர். தானா ராத்தாவிலாயினும் வேறெங்காயினும், கணக்கில் தவறிய அத்தகைய பிள்ளையை 'ஹோப்லெஸ்' என்று ஆசிரியர் கூறுவது தகுமா? அச்சொல் பிழையைச் சுட்டவில்லை, பிள்ளையையே தள்ளுகிறது. 'பயிற்சி போதாது' என்றால் திருந்த வழியுண்டு. 'ஹோப்லெஸ்' என்றால் வழியே அடைபடுகிறது.

வள்ளுவர் 'ஆள்வினையுடைமை'க்கு அடுத்தே 'இடுக்கண் அழியாமை'யை வைத்தார். முயல்வோர்க்கும் துன்பம் வரும். வந்தபோது உடையலாகாது என்பதே அவ்வைப்புமுறை உணர்த்துவது. அவர் குறளைப் பாடம் நடத்திய வாயால் மாணவனை 'ஹோப்லெஸ்' என்பது முரண். தமிழாசிரியர் முதலில் விடவேண்டிய ஆங்கிலச் சொல் அதுவே.